மதினிக்குத் துணைக்குப் போனது

ஜூன் 9, திங்கள்

அண்ணனுக்குத் தீப்பெட்டி ஆபீசில் கொடுத்த டைரி இது. ஆறு மாதமாக அரிசி டப்பாவின் மேல் சும்மா கிடந்தது. இப்போது தேவை வந்துவிட்டது. மதினிக்குக் கழுத்தில் கட்டி. "எப்பலருந்து இருக்கு, என்னென்ன பண்ணுது" என்று டாக்டர் கேட்டால் மதினி மோட்டுவளையைப் பார்ப்பாள், அண்ணன் தரையைப் பார்ப்பார். அதனால் நான் எழுதி வைக்கிறேன். இந்த வீட்டில் ஒரு காரியம் ஒழுங்காக நடக்க வேண்டுமென்றால் வடிவுதான் செய்தாக வேண்டும்.

கட்டியைச் சொன்னது மதினியேதான். ஜாக்கெட் தைக்கிறவள். கோவில்பட்டியில் பாதிப் பெண்களின் கழுத்தை டேப் வைத்து அளந்தவள். நேற்று கண்ணாடி முன்னால் நின்று தன் கழுத்தைத் தடவிக்கொண்டே, "வடிவு, இங்ஙன தொட்டுப் பாரு" என்றாள். தொட்டேன். வலது பக்கம் பட்டாணி அளவுக்கு ஒன்று. எச்சில் விழுங்கினால் ஏறி இறங்குகிறது. பயத்தைக் காட்டிக்கொள்ளவில்லை.

"ஒண்ணுமில்ல மதினி. வாயுவா இருக்கும்" என்றேன்.

"கழுத்துல எங்குட்டுடி வாயு?" என்றாள். அதுவும் நியாயம்தான்.

பள்ளிக்கூடத்தில் சமையல்காரி வரவில்லை. சத்துணவு அமைப்பாளர் என்று பெயர்தான் பெரிது, கரண்டியையும் நானே பிடித்தேன். சாம்பாரில் காரம் கூடிவிட்டது என்று மூன்றாம் வகுப்பு வாண்டு ஒன்று என்னிடமே வந்து சொல்கிறது. ஒரு சத்தம் போட்டேன். அப்புறம் அதுக்கே இன்னொரு முட்டை வைத்தேன். சத்தம் போட்டதில் தொண்டை கட்டிக்கொண்டது. கொஞ்ச நாளாகவே இப்படித்தான். தாளிக்கிற நெடி.

ஜூன் 10, செவ்வாய்

மதினியோடு சண்டை. காரணம் ரசம். நான் வைத்தால் புளிக்கிறதாம், அவள் வைத்தால் மணக்கிறதாம். "மணக்குறதுக்கு அது என்ன, பன்னீரா?" என்றேன். அண்ணன் மோரை ஊற்றிக்கொண்டு எழுந்துவிட்டார். அவருடைய புத்திசாலித்தனமெல்லாம் எப்போது எழுந்து போக வேண்டும் என்று தெரிந்து வைத்திருப்பதில்தான் இருக்கிறது.

மதினிக்கு வலி இல்லை, சாப்பாடு நன்றாக இறங்குகிறது. எனக்குத்தான் காபி புரையேறி மூக்கில் வந்தது. சண்டை போட்டுக்கொண்டே குடித்தால் அப்படித்தான்.

ஜூன் 11, புதன்

டாக்டரிடம் போய் வந்தோம். கழுத்தை ஸ்கேன் எடுக்கச் சொல்லிவிட்டார். கட்டி என்றாலே வெட்டி எடுத்துவிட மாட்டார்களாம். முதலில் படம் பார்த்து, நல்லதா கெட்டதா என்று தரம் பிரித்து, சந்தேகம் இருந்தால்தான் ஊசி, அதற்கும் பிறகுதான் ஆபரேஷனாம்.

புற்றாக இருக்குமோ என்று ஒரே நினைப்பு. சாமி, இவளுக்கு ஒன்றும் இருக்கக் கூடாது. இவள் இல்லாத வீட்டில் எனக்கு என்ன வேலை?

ஜூன் 12, வியாழன்

ஸ்கேன் சென்டரில் இன்று மதினி செய்த கூத்தை எழுதாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும்.

பெயர் கூப்பிட்டதும் அவள் உள்ளே போனாள். நானும் அண்ணனும் வெளியே இருந்தோம். உதவிக்கு இருந்த பெண், "கழுத்துல இருக்கதெல்லாம் கழட்டிருங்கம்மா" என்றிருக்கிறாள். மதினி தாலிக்கயிறை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வாசலுக்கே வந்துவிட்டாள். அங்கே காத்திருந்த அத்தனை பேர் முன்னாலும் சொல்கிறாள்:

"இது என் நாத்தனாரு முடிச்சுப் போட்ட தாலி. அவ வந்து அவுத்தா அவுக்கட்டும். இல்லாட்டி எனக்கு ஸ்கேனும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்."

எனக்குக் காதெல்லாம் சுட்டது. அண்ணன் கல்யாணத்தில் முதல் முடிச்சை அண்ணன் போட்டார், மற்ற இரண்டும் நான் போட்டதுதான். நாத்தனார் போட வேண்டியது அது. அப்போது எனக்கும் கல்யாணமாகி ஒரு வருஷம்தான். அதற்கப்புறம் என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்தார். நான் அண்ணன் வீட்டுக்கு வந்தேன். அன்றிலிருந்து எந்தக் கல்யாண வீட்டிலும் நான் மேடையேறியதில்லை. மதினி கயிறு மாற்றுகிற நாளில் ஏதாவது சாக்குச் சொல்லி வெளியே போய்விடுவேன். யாரும் போகச் சொன்னது கிடையாது. எனக்கே ஒரு இது.

"மதினி, சும்மா இருங்க. எத்தன தடவ கயிறு மாத்தியாச்சு. நான் போட்ட முடிச்சு இப்ப எங்குட்டு இருக்கு?" என்றேன் மெதுவாக.

"மொதக் கயித்துல முடிச்சுப் போட்ட நாத்தனா யாரோ, அவளோடதுதான் எல்லா முடிச்சும். வாடி உள்ள."

போனேன். என் வெறும் நெற்றியை அந்தப் பெண் பார்த்தாள். நான் யாரையும் பார்க்கவில்லை. அவிழ்த்து, கைக்குட்டையில் சுற்றி, இடுப்பில் செருகிக்கொண்டேன்.

நான் அதைச் சுற்றிக்கொண்டிருந்த நேரத்தில் மதினி டாக்டரிடம் ஏதோ குசுகுசுவென்று சொன்னாள். டாக்டர் பெயர் ஜெபசெல்வி, சின்ன வயசு, சிரித்த முகம். பயத்தைச் சொல்லியிருப்பாள் போல. உடனே அடுத்த கூத்து.

"எனக்குப் பயமா இருக்கு வடிவு. நீ மொதல்ல படுத்துக் காட்டு."

"இது என்ன ஊஞ்சலா மதினி, நான் ஆடிக் காட்டிட்டு நீங்க ஆடுறதுக்கு?"

டாக்டர் சிரித்துக்கொண்டு, "படுங்கம்மா. ரெண்டு பேருக்குமே பாத்துருவோம்" என்றார்.

தோளுக்கு அடியில் தலையணை வைத்து, தலையைப் பின்னால் சாய்த்துப் படுக்க வைத்தார்கள். கற்றாழைச் சோறு மாதிரி சில்லென்று எதையோ தடவி, ஒரு கருவியைக் கழுத்தில் வைத்து அங்குமிங்கும் நகர்த்தினார் டாக்டர். எந்த ஸ்கூல், எத்தனை பிள்ளைகள் சாப்பிடுவார்கள் என்று கேட்டுக்கொண்டே வந்தார். அப்புறம் பேச்சு நின்றுவிட்டது. இடது பக்கத்திலேயே வெகுநேரம் வைத்திருந்தார். மதினி என் பாதத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவ்வளவு பயம் அவளுக்கு.

பிறகு மதினி படுத்தாள். டாக்டருக்குப் பழையபடி பேச்சு வந்துவிட்டது. திரையைத் திருப்பி எனக்கே காட்டினார். "பாத்தீங்களா, குழிப்பணியாரத்தப் பிச்சா உள்ள ஓட்டை ஓட்டையா இருக்குமே, அது மாதிரி இருக்கு. இந்த மாதிரி கட்டி கெட்டதா இருக்கது ரொம்ப அபூர்வம். ஊசிகூட வேண்டாம். வருசத்துக்கு ஒரு தடவ பாத்துக்கிட்டாப் போதும்."

அங்கேயே அழுதுவிட்டேன். மதினி முகம் கழுவ வெளியே போனாள். அந்த இடைவெளியில் டாக்டர் என்னிடம், "உங்களுக்கும் ஒண்ணு இருக்கும்மா. அதுக்கு மட்டும் ஊசி வச்சுப் பாத்துரணும்" என்றார். வயசானால் நிறையப் பேருக்கு இருக்குமாம். மதினி காதில் விழவில்லை, அதுவரைக்கும் நல்லது.

தாலியைத் திரும்ப நானே கட்டினேன். அண்ணன் பக்கத்தில் நின்று, "இறுக்கிக் கட்டு வடிவு" என்றார். வரும் வழியில் ஒரு கிலோ கடலை மிட்டாய் வாங்கினார். மதினி பிழைத்தாள்.

ஜூன் 13, வெள்ளி

என் ரிப்போர்ட்டைப் பள்ளிக்கூடத்தில் ஜாய்ஸ் டீச்சரிடம் படித்துச் சொல்லக் கொடுத்தேன். படிக்கிறபோதே அந்தப் பிள்ளையின் முகம் வாடிவிட்டது.

கட்டி கருப்பாகத் தெரிகிறதாம். ஓரம் ஒழுங்காக இல்லையாம். உள்ளே சுண்ணாம்புப் பொடி மாதிரி வெள்ளைப் புள்ளிகளாம். படுக்கை வசத்தில் இல்லாமல், அகலத்தை விட உயரமாக நிற்கிறதாம். நானே ஐந்தடிக்குக் கீழே. எனக்குள்ளே ஒன்று உயரமாக நிற்கிறது என்றால் சிரிக்கவா அழவா?

சந்தேகத்துக்கு ஒன்றிலிருந்து ஐந்து வரை தரம் போடுவார்களாம். எனக்கு ஐந்து. படிக்கிற காலத்தில் எதிலும் முழு மார்க் வாங்காதவள் நான்.

ஜூன் 14, சனி

ரிப்போர்ட் மாறிவிட்டது என்று விடிந்ததும் தோன்றியது. ஒரே வீடு, ஒரே நாள், ஒருத்தி மாற்றி ஒருத்தி படுத்தோம். மாறாமல் என்ன செய்யும்? நேரே சென்டருக்குப் போய் டாக்டர் ஜெபசெல்வியிடம் சண்டைக்கு நின்றேன். "நல்லாப் பாருங்கம்மா. எனக்கு உள்ளதில்ல இது. பேர மாத்திப் போட்டுட்டீங்க."

அவர் கோபப்படவில்லை. படத்தைப் போட்டுக் காட்டினார். கெட்ட கட்டி இடது பக்கம். மதினிக்கு வலது. என் கையைப் பிடித்து என் கழுத்திலேயே வைத்தார். இருக்கிறது. கெட்டியாக, நகராமல் இருக்கிறது. இத்தனை நாள் நான் அந்த இடத்தைத் தொட்டதே இல்லையா?

பஸ்ஸில் வரும்போதுதான் உறைத்தது. மாறியிருந்தால் இது யாருக்கு? மதினிக்கு அல்லவா? அதற்கா நான் அந்தச் சண்டை போட்டேன்? சீ, என்ன புத்தி இது. என் கட்டி என்னிடமே இருக்கட்டும்.

வீட்டில் மூச்சுவிடவில்லை.

ஜூன் 16, திங்கள்

மதினி இன்று ஒரு குறையும் சொல்லவில்லை. என் ரசத்தை இரண்டாவது தடவை வாங்கி ஊற்றிக்கொண்டாள். பல் கூசுகிற அளவுக்குப் புளி, எனக்கே தெரிந்தது. "நல்லாருக்கு" என்கிறாள். கழுத்தில் ஒன்றுமில்லை என்று தெரிந்த சந்தோஷம் போல.

ஜூன் 17, செவ்வாய்

இன்றும் சண்டை இல்லை. எரிச்சலாக வருகிறது.

ஜூன் 18, புதன்

அண்ணன் திடீரென்று கேன் தண்ணீர் வாங்கிப் போட்டிருக்கிறார். அதுவும் என் சொம்புக்கு மட்டும். நம் ஊர் போர் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகமாம். சட்டியில் வெள்ளை வெள்ளையாகப் படிகிறதே, அது உடம்புக்குள்ளேயும் புள்ளி புள்ளியாகப் படியுமாம். யார் சொன்னது என்று கேட்டால் பேப்பரில் போட்டிருந்தது என்கிறார். பேப்பரில் ராசிபலனைத் தவிர அண்ணன் வேறு எதையும் படித்து நான் பார்த்ததில்லை.

காலையில் இடியாப்பமும் தேங்காய்ப்பாலும். மத்தியானம் குழையக் குழையப் பருப்புச் சோறு. "வீட்டுல யாருக்குப் பல்லு விழுந்துச்சு?" என்று கேட்டேன். மதினி இன்னொரு கரண்டி வைத்தாள்.

ஜூன் 19, வியாழன்

முட்டை விஷயமாக யூனியன் ஆபீசில் கூட்டம் என்று சொல்லிவிட்டுப் போய் ஊசி வைத்துக்கொண்டேன். ஸ்கேனில் பார்த்துக்கொண்டே மெல்லிய ஊசியைக் கட்டிக்குள் விட்டுத் துளி எடுத்தார் டாக்டர். எறும்பு கடித்த மாதிரி இருக்கும் என்றார். கட்டெறும்பு.

சென்டருக்கு எதிரே டீக்கடை நிழலில் மதினியுடைய பச்சைச் சேலை மாதிரியே ஒன்று கட்டிக்கொண்டு ஒருத்தி முதுகைக் காட்டி நின்றாள். பச்சைச் சேலை ஊரில் ஒன்றுதானா?

வீட்டுக்கு வந்தபோது மதினிக்கு வேர்த்து வழிந்துகொண்டிருந்தது. அடுப்படிச் சூடு என்றாள். அடுப்பு பற்ற வைக்கவே இல்லை.

ஜூன் 26, வியாழன்

புற்றுதான்.

ஜூன் 27, வெள்ளி

தைராய்டு சுரப்பியில் வந்திருக்கிற இந்தப் புற்று ரொம்ப மெதுவாக வளர்கிற சாதியாம். எடுத்துவிட்டால் நன்றாக இருக்கலாமாம், நூற்றில் தொண்ணூறுக்கு மேல் பிழைத்துவிடுவார்களாம். டாக்டர் ஜெபசெல்வி தைரியம் சொல்லித்தான் அனுப்பினார்.

ஆனால் யாரை வைத்து எடுக்க? ஆஸ்பத்திரியில் கூட இருக்க ஆள் வேண்டும். வந்த பிறகு கஞ்சி வைக்க ஆள் வேண்டும். பத்து நாள் இருந்துவிட்டுப் போகலாம் என்று இந்த வீட்டுக்கு வந்தவள் நான். என் துக்கத்தை இவர்கள் வீட்டில் வைத்து வளர்த்தது போதாது என்று நோயையும் வைக்கவா? அண்ணனுக்கு முழங்கால் வலி. மதினிக்கு மெஷினை மிதித்து மிதித்து இடுப்பு போயிற்று. பாளையங்கோட்டையில் சிஸ்டர்மார் நடத்துகிற இல்லம் ஒன்று இருக்கிறது. எடுக்காமலே கொஞ்ச வருஷம் ஓடும் என்றால் அங்கே போய் ஓட்டிவிடலாம். ஊரில் தோழி வீட்டு விசேஷம் என்று இவர்களிடம் சொல்லிக்கொள்ளலாம்.

ஜூன் 28, சனி

பையில் சேலையை மடித்து வைத்துக்கொண்டிருந்தேன். மதினி வந்து கதவருகில் நின்றாள்.

"எங்குட்டு?"

"விசேஷத்துக்கு மதினி. ரெண்டு நாள்ல வந்துருவேன்."

"ரெண்டு நாளைக்கு எதுக்குடி ஏழு சேல?"

அவள் பையைக் கையில் எடுத்து, தலைகீழாகக் கவிழ்த்துக் கட்டிலில் கொட்டினாள்.

"டாக்டரம்மா என்ன சொன்னாகன்னு நீ சொல்றியா, நான் சொல்லவா?"

அப்படியே உட்கார்ந்துவிட்டேன். "ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"அன்னைக்கி ஒன் காலப் புடிச்சுக்கிட்டு நின்னது எதுக்கு? அந்தப் பொண்ணு பேச்ச நிறுத்துனப்பவே எனக்கு உசுரு போயிருச்சு. முகங்கழுவப் போனேன்னா நெனச்ச? கக்கூஸ்ல நின்னு அழுதேன். அப்பறம் நீ போறப்பல்லாம் பின்னாலயே வந்து டாக்டரம்மாகிட்டக் கேட்டுக்கிட்டேன்."

"அப்ப ஒங்க கட்டி..."

"அது நாலு வருசமா இருக்கு. அப்பவே காட்டி, ஒண்ணுமில்லன்னுட்டாக."

நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். அவள் விடாமல் பொரிந்தாள்.

"பொங்கலுக்கு ஜாக்கெட்டுக்கு அளவெடுத்தேனே, அப்பவே ஒன் கழுத்தப் பாத்தேன். ஆஸ்பத்திரிக்கு வாடின்னேன். என்ன சொன்ன? எனக்கு ஒண்ணு ஆனாலும் யாருக்கு நட்டம்ன்ன. சொன்னியா இல்லியா? கொரல் கம்முது, காபி பொரையேறுது, எல்லாத்துக்கும் ஒரு சாக்கு. ஒன்னக் கழுத்தப் புடிச்சுத் தள்ளுனாலும் ஒனக்குன்னு ஆஸ்பத்திரிப் படி மிதிக்க மாட்ட. எனக்குன்னா ஓடி வருவ. அதான் என் கழுத்தக் காட்டி ஒன்னக் கூட்டிட்டுப் போனேன்."

எனக்கு ஒரே ஒரு இடத்தில்தான் வலித்தது. அதைக் கேட்டுவிட்டேன். "அப்ப நான்தான் தாலிய அவுக்கணும்னது, அதுவும் என்னய உள்ள கூட்டிட்டுப் போறதுக்கா?"

மதினி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"உள்ள கூட்டிட்டுப் போறதுக்குத்தான். இல்லங்கல. ஆனா அதுக்காக வேற எவளாச்சும் என் கழுத்துல கைய வைக்க விட்டுருப்பேனா? ஒவ்வொரு தடவ கயிறு மாத்துறப்பவும் நீ கடைக்குப் போறேன், தபாலாபீசுக்குப் போறேன்னு ஓடிருவ. கேக்கணும் கேக்கணும்னு நெனச்சு, நீ அழுதுருவியோன்னு கேக்காம விட்டேன். அன்னைக்கி கேட்டுட்டேன். அம்புட்டுத்தான்."

பிறகு குரலை உயர்த்தினாள். "ஒன் அண்ணன் வீட்டுல இருக்கோம்னு நெனைக்கிறதுனாலதான ஒனக்கு இம்புட்டுக் கூச்சம்? இது ஒன் அண்ணன் வீடு இல்லடி. என் வீடு. ஒன்ன வச்சிருக்கது நான். நான் போகச் சொல்ற வரைக்கும் நீ எங்குட்டும் போகக் கூடாது. நான் சொல்ல மாட்டேன்."

அவள் மடியில் தலையை வைத்துக்கொண்டேன். "எனக்குச் சாகப் பயமா இருக்கு மதினி" என்றேன். இதுவரை யாரிடமும் சொல்லவில்லை, இந்த டைரியிடம்கூடச் சொல்லவில்லை. ஆமாம், பயமாகத்தான் இருக்கிறது.

அண்ணன் வாசலில் நின்றிருந்தார். "ஆடி பொறக்கதுக்கு முன்னாடி ஆபரேசன வச்சுக்கிருவோம்" என்றார். அப்புறம், "தண்ணிய மட்டும் கேன்லயே குடி தாயி" என்றார்.

ஜூலை 2, புதன்

திருநெல்வேலி. பெரிய ஆஸ்பத்திரி. சர்ஜன் எல்லாப் படத்தையும் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, கத்தி வைப்பதற்கு முன்னால் கழுத்து முழுவதையும் இன்னொரு ஸ்கேன் எடுக்க வேண்டும் என்றார். காதுக்குக் கீழேயிருந்து தோள் எலும்பு வரை ஒரு இடம் விடாமல் பார்த்தார்கள். இடது பக்கம் ஒரு நெறிக்கட்டி சரியில்லை என்று கண்டுபிடித்திருக்கிறார்கள்.

"அங்ஙனயும் போயிருச்சா?" என்று மதினிதான் கேட்டாள்.

"போயிருக்கு. ஆனா இப்பவே தெரிஞ்சது நல்லதும்மா" என்றார் சர்ஜன். "எங்கெங்க இருக்குன்னு தெரிஞ்சு உள்ள போறோம். ஒரே தடவையில எல்லாத்தையும் எடுத்துரலாம். தெரியாம தொறந்திருந்தா, பின்னாடி இன்னொரு தடவ தொறக்க வேண்டி வந்திருக்கும்."

மூக்கு வழியாக ஒரு குழாயை விட்டுக் குரல் நாணையும் பார்த்தார்கள். அது அசைகிறது. ஆனால் குரலுக்குப் போகிற நரம்பைக் கட்டி ஒட்டிக்கொண்டிருக்கிறது போலத் தெரிகிறதாம். உரித்துத்தான் எடுக்க வேண்டும். குரல் கொஞ்ச நாள் போகலாம். அபூர்வமாக, வராமலே போகலாம்.

பஸ் ஸ்டாண்டில் சுக்குக் காபி குடித்தோம். "சத்தம் போடாத அமைப்பாளரப் பிள்ளைக மதிக்குமா மதினி?" என்று கேட்டேன்.

"நீ சத்தம் போடலன்னா ஊருக்கே நல்லது" என்றாள். சொல்லிவிட்டு டம்ளரை அப்படியே வைத்துவிட்டு, தூணுக்கு அந்தப் பக்கம் போய் நின்றாள். நான் போகவில்லை. அவள் அழுகிறபோது யாரும் பக்கத்தில் போகக் கூடாது, அவளுக்குப் பிடிக்காது. இத்தனை வருஷத்தில் எனக்கு அதுகூடவா தெரியாது?

ஜூலை 9, புதன்

நாளைக்கு ஆபரேஷன். நர்ஸ் வந்து கழுத்தில் பேனாவால் கோடு போட்டுவிட்டுப் போனாள். மதினி அந்தக் கோட்டை உற்றுப் பார்த்து, "இடது பக்கம் கொஞ்சம் எறங்கிருக்கு. வெட்டு நேரா வராது" என்று நர்ஸிடம் சொல்கிறாள். ஜாக்கெட் என்று நினைத்துவிட்டாள். நர்ஸுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"நீங்க இவங்களுக்கு யாரும்மா, அக்காவா?" என்றாள்.

"அக்காளும் இல்ல தங்கச்சியும் இல்ல. இவ எங்க வீட்டுப் பொண்ணு" என்றாள் மதினி.

எங்க வீட்டுப் பொண்ணு. வயசு ஐம்பத்திரண்டு.

ஜூலை 13, ஞாயிறு

உயிரோடு இருக்கிறேன். சுரப்பி முழுவதையும் எடுத்தாயிற்று, பக்கத்து நெறிக்கட்டிகளையும் எடுத்தாயிற்று. கழுத்தைத் திருப்ப முடியவில்லை. நரம்பு அறுபடவில்லை, ஆனால் அடிபட்ட மாதிரி துவண்டு போயிருக்கிறதாம். பேசினால் காற்றுதான் வருகிறது. சைக்கிள் டியூபில் பொத்தல் விழுந்த மாதிரி.

மதினி தரையில் சேலையை விரித்துப் படுத்திருக்கிறாள். அவள் இடுப்புக்கு அது ஆகாது. சொல்லிப் பார்த்தேன். புஸ் என்றது. கேட்கவில்லை என்று நடித்துவிட்டாள்.

ஜூலை 20, ஞாயிறு

வீடு. ரிப்போர்ட் வந்துவிட்டது. ஸ்கேனில் பார்த்த அந்த ஒரு நெறிக்கட்டியில் மட்டும்தான் இருந்திருக்கிறது. மற்றதெல்லாம் சுத்தம். கொஞ்ச நாள் கழித்து அயோடின் மருந்து ஒன்று கொடுத்து மிச்சம் மீதியையும் தீர்த்துவிடுவார்களாம். பிறகு தினமும் ஒரு மாத்திரை, ஆயுசுக்கும். அண்ணன் பிள்ளையார் கோவிலில் தேங்காய் விடலை போட்டார்.

பிழைத்துவிட்டேன் என்று எழுதிப் பார்க்கிறேன். நன்றாக இருக்கிறது.

குரல் மட்டும் வரவில்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பார்க்க வந்தன. காரம் கூட என்று சொன்ன வாண்டும் வந்தது. என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றது. நான் திட்டாததால் அதற்குப் பயம் வந்து அழுதுவிட்டது.

ஜூலை 29, செவ்வாய்

வரவில்லை. மதினியும் பேச்சைக் குறைத்துவிட்டாள். வீடு விறைத்துக் கிடக்கிறது. தையல் மெஷின் சத்தம் மட்டும்தான் கேட்கிறது.

ஆகஸ்ட் 8, வெள்ளி

அயோடின் மருந்துக்கு முன்னால் அயோடின் உப்பு சேர்க்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். மீனும் பாலும்கூடக் கூடாது. அண்ணன் தூத்துக்குடிப் பக்கம் தெரிந்தவரிடம் சொல்லி, ஒன்றும் கலக்காத கல்லுப்பு மூட்டை ஒன்றை இறக்கியிருக்கிறார். ஒரு ஊரே ஊறுகாய் போடலாம்.

மத்தியானம் மதினி கஞ்சித் தட்டோடு வந்து எனக்கு எதிரே உட்கார்ந்தாள். பிறகு தானாகவே ஆரம்பித்துவிட்டாள்.

"என்னடி, கஞ்சி எப்பிடி?" என்று அவள் குரலில் கேட்டாள். உடனே முகத்தைச் சுளித்து, மூக்கை ஏற்றி, என் குரலில் பதிலும் அவளே சொன்னாள்: "இதுக்குப் பேரு கஞ்சியா மதினி? ஜன்னலுக்குக் காகிதம் ஒட்டலாம்."

அண்ணன் வாசலிலிருந்து திரும்பிப் பார்த்தார். நான் பேசினேனா என்றே அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அவ்வளவு அச்சாக என் குரல். இழுக்கிற இடத்தில் இழுத்து, வெடிக்கிற இடத்தில் வெடித்து.

"வாயி கூடிப்போச்சு ஒனக்கு" என்றாள் அவளாக.

"ஒங்க கைப்பக்குவத்தத் தின்னா ஊமையும் பேசும் மதினி" என்றாள் நானாக.

இப்படியே அவள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், எல்லாம் அவளே. ரசத்துக்குப் போனாள், பன்னீருக்குப் போனாள், அண்ணனுக்கு யார் செல்லம் கொடுத்துக் கெடுத்தது என்ற பழைய வழக்குக்கும் போனாள். எல்லாவற்றிலும் என்னையே ஜெயிக்க வைத்தாள். எனக்குச் சிரித்துச் சிரித்துத் தையல் போட்ட இடம் வலித்தது.

திடீரென்று நிறுத்தினாள். கண் நிறைந்துவிட்டது. "என்னால ரெண்டு பேருக்கும் சேத்துப் பேச முடியலடி. ஒன் பாட்ட நீ பேசு. கூடச் சண்ட போட ஆளு இல்லாம எனக்கு இந்த வீட்டுல மூச்சு முட்டுது வடிவு" என்று முந்தானையில் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். நான் எதிரில் இருக்கும்போதே அழுதாள்.

கஞ்சியை ஒரு வாய் எடுத்து வைத்தேன். ஒரு மூட்டைக் கல்லுப்பு வீட்டில் இருக்கிறது, இவள் ஒரு கல் போடவில்லை. வந்த கோபத்தில் வாயைத் திறந்துவிட்டேன்.

"உப்பு எங்க மதினி?"

கரகரவென்று, தகரத்தை இழுத்த மாதிரி வந்தது. ஆனால் வந்தது. காற்று இல்லை, குரல்.

மதினி முந்தானையை எடுத்தாள். என்னைப் பார்த்தாள். அழுத முகத்தோடேயே எழுந்து, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு தொடங்கினாள்: "இம்புட்டு நாளும் வாயத் தொறக்காம கெடந்துட்டு, தொறந்ததும் தொறக்காததுமா என் கஞ்சியில நொட்டச் சொல்லா? நாக்கப் பாரு நாக்க..."

தெருவுக்கே கேட்கிற மாதிரி திட்டினாள். பக்கத்து வீட்டுக்காரி என்னவோ ஏதோ என்று ஓடி வந்தாள். அண்ணன் வழக்கம் போல எழுந்து போகாமல், இன்று உள்ளே வந்து உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். நான் விட்டுக்கொடுக்கவில்லை. இருக்கிற குரலை வைத்துக்கொண்டு பதிலுக்குப் பதில் கொடுத்தேன்.